ஒரு தாள் குறைகிறது

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட், பள்ளிக்கூட மண்டபம்.
காலை ஒன்பதே காலுக்கு ஸ்கேனர் செத்தது.
திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம்
பாதியில் நின்று என்னையே பார்த்தது.
"தட்டிப் பாரும்மா" என்றார் வரிசையில் ஒருவர்.
தட்டினேன்.
பதினொரு வருஷம் தட்டியவள்தானே.

ஏழாம் நம்பர் கல்லா என்னுடையது.
பால், ரொட்டி, பீன்ஸ் டப்பா, பீப், பீப்.
தூக்கத்திலும் போர்வையை
இடமிருந்து வலமாகத் தள்ளுவேனாம்.
"என்னை என்ன விலைக்குப் போட்டாய்?" என்பார் தனபாலன்.

பிறகு ஆறு இயந்திரங்கள் வந்தன.
ஆறுக்கும் சேர்த்து ஒரு பெண், நின்றபடி.
மிளகாய்ப் பை ஆறு கிராம் கூடினால்
சிவப்பு விளக்கு எரியும்,
வாங்க வந்தவர் திருடராகி நிற்பார்,
நான் போய்ச் சாவி போட்டு
அவரை மறுபடி மனிதராக்குவேன்.

அப்புறம் அந்த வாக்கெடுப்பு.
கைபேசியில் வந்தது:
தொகை வாங்கிக்கொண்டு போகச் சம்மதமா?
ஆம். இல்லை.
நான் இல்லை. நொம்புசோ இல்லை.
ரொட்டிப் பிரிவு முழுக்க இல்லை.
ஓய்வறையில் ஒவ்வொருவராகக் கேட்டோம்;
ஆம் என்றவன் ஃபைசல் ஒருவன்,
அவனும் கட்டைவிரல் வழுக்கியது என்றான்.
முடிவு வந்தது: எண்பத்தொரு சதவீதம் ஆம்.
யார் எண்ணினார்கள் என்று கேட்டேன்.
"சிஸ்டம்" என்றாள் மேலாளர்.
சிஸ்டத்தை யார் எண்ணினார்கள்?
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

சரி. செத்த ஸ்கேனரைப் பெட்டியில் போட்டு
காகிதப் பட்டியலை எடுத்தேன்,
அடிக்குச்சி, பென்சில்.
நாயுடு பக்கம் மட்டும் நான்கு.
வரிசை கேட்டைத் தாண்டி
பன்னி சௌ கடை வரை போய்விட்டது.
இயந்திரம் செத்ததே சதி என்றார் ஒருவர்.
பிழைத்துக்கொண்டால் அதுதான் சதி என்றார் பின்னால் இருந்தவர்.
காதில் கம்பி செருகிய பையன் சொன்னான்,
"இதெல்லாம் போனிலேயே ரெண்டு நிமிஷம், ஆன்ட்டி."
அவன் இடது கட்டைவிரலைப் பிடித்து மை வைத்தேன்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
பிடித்திருந்தேன் போல.

இரவு ஒன்பதுக்குக் கதவடைத்தோம்.
பெட்டியைக் கவிழ்த்தோம்.
ஒவ்வொரு தாளையும் விரித்து, தூக்கி,
நான்கு கட்சிக்காரர்கள் முகத்துக்கும் காட்டி, கீழே வைத்து.
கொடுத்தது ஆயிரத்து நூற்றுப் பதினாறு.
எண்ணியது ஆயிரத்து நூற்றுப் பதினைந்து.

"மறுபடி எண்ணு" என்றார் மஞ்சள் சட்டை முகவர்.
எண்ணினேன்.
"மறுபடி."
எண்ணினேன். எனக்குக் கோபம் வரவில்லை.
யாரோ என் விரல்களைக் கண்கொட்டாமல்
சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது
எத்தனை நாளைக்குப் பிறகு.

இரண்டே முக்காலுக்கு நொம்புசோ
செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து
காலிப் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டாள்.
மடிப்பின் இடுக்கில்
எட்டாக மடித்து, பஸ் டிக்கெட் அளவில் ஒன்று.
விரித்தோம்.
குறி இல்லை, கோடு இல்லை, வசவுகூட இல்லை.
வெறுந்தாள்.
இதற்காகவா என்று கொட்டாவி விட்டார் மஞ்சள் சட்டை.
செல்லாததையும் எண்ண வேண்டும் என்பது விதி.
எண்ணினேன்.

படிவம், கையெழுத்து, முத்திரை.
டாக்ஸி இல்லை; நொம்புசோவின் அண்ணன் வண்டி.
கடை வாசலைக் கடக்கையில்
உள்ளே இருட்டில் ஆறு திரைகளும் விழித்திருந்தன,
யாரையோ தொடச் சொல்லி.
நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்த்தோம்,
ஒன்றும் பேசவில்லை.

போர்வைக்குள்ளிருந்து தனபாலன்:
"யார் ஜெயிச்சது?"
"தெரியாது.
கணக்கு சரியாக வந்தது."